குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவைக்கு அரசு ஏன் பணம் போட வேண்டும்?

கேட்ட கேள்வியில் இரண்டு பாகம் இருக்கிறது. ஒன்று: ஆணுறை, மாத்திரை எல்லாம் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும்போது அரசு எதற்கு வரிப்பணத்தை இதில் போட வேண்டும், போட்ட பணம் பொருளாதார ரீதியாகத் திரும்பி வருகிறதா? இரண்டு: தமிழ்நாட்டில் பிறப்பு விகிதமே விழுந்துவிட்டது, இனிமேல் இந்தச் செலவு எதற்கு? நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி வருகிறது, நிறையவே வருகிறது, அதற்கு உறுதியான ஆதாரமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் யார் கையில் சேருகிறது, எத்தனை வருஷம் கழித்துச் சேருகிறது, எந்த மாதிரியான சேவைக்குச் சேருகிறது என்பதைப் பார்க்காமல் வெறும் லாபம் என்று பேசினால் ரொம்பத் தப்பான இடத்தில் போய் நிற்போம். நம் நாடு ஒருமுறை அப்படிப் போய் நின்றிருக்கிறது.

அந்தத் தப்பான கணக்கை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் இன்றைக்கும் பலர் மனதில் ஓடுவது அதுதான். 1960-களில் ஸ்டீபன் என்கே என்ற பொருளாதார அறிஞர் ஏழை நாடுகளில் பிறக்காமல் தடுக்கப்பட்ட ஒரு பிறப்புக்கு விலை போட்டுப் பார்த்தார். ஒரு குழந்தை வளரும்வரை ஆகும் செலவு இன்றைக்கே ஆகிறது, அது சம்பாதிக்கப்போவது பதினைந்து இருபது வருஷம் கழித்து, அந்தப் பிற்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே மிஞ்சாது, ஆகவே பிறப்பைத் தடுக்கப் போடும் பணம் தொழிற்சாலையில் போடும் பணத்தைவிடப் பல மடங்கு லாபம் என்பது அவர் வாதம். இது கல்லூரிக்குள்ளேயே நிற்கவில்லை. 1965 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா.வின் 20-ஆம் ஆண்டு விழாவில் பேசிய அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் போடும் 5 டாலருக்கும் குறைவான பணம் பொருளாதார வளர்ச்சியில் போடும் 100 டாலருக்குச் சமம் என்றே சொன்னார்.

இந்தக் கணக்கில் தாய் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவளுக்கு எப்போது குழந்தை வேண்டும், எத்தனை வேண்டும், அவள் உடம்பு தாங்குமா, வேலைக்குப் போக நினைக்கிறாளா, எதுவுமே கணக்கில் வரவில்லை. பிறக்காத ஒவ்வொரு குழந்தையும் மிச்சம், அவ்வளவுதான். அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் அடுத்த படி இலக்கு வைப்பது, அதற்கடுத்த படி ஆள் பிடிப்பது. இந்தியா 1952-லேயே தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய முதல் நாடு. 1950-களின் பிற்பகுதியிலேயே அன்றைய சென்னை மாநிலம் ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இலக்கும் ஊக்கத்தொகையும் கூடிக்கொண்டே போய், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், சுமார் 82 லட்சம் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. அதில் 62 லட்சம் ஆண்களுக்கு. ரேஷன் கார்டு, சம்பளம், பதவி உயர்வு, வீட்டுமனை என்று எதைப் பிடித்தால் மனிதன் அசைவானோ அதையெல்லாம் பிடித்தார்கள். ஆட்சி மாறிய அடுத்த வருஷமே எண்ணிக்கை 10 லட்சத்துக்குக் கீழே போனது. ஆண்கள் கருத்தடை அதற்குப் பிறகு எழவே இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, அந்த ஒரு நிதியாண்டு உண்டாக்கிய பயத்தின் விலையை இன்னும் பெண்கள்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பொருளாதார அளவுகோலில் பார்த்தாலும் இது நஷ்டம்.

சரி, அப்படியானால் உண்மையான லாபம் எங்கே இருக்கிறது? இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த சாட்சி வங்கதேசத்தில் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடையில் வாங்கிக்கொள்ளட்டுமே என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

டாக்காவுக்குத் தென்கிழக்கே, மேக்னா ஆற்றுப் படுகையில், மத்லாப் என்ற பகுதி இருக்கிறது. மழைக்காலத்தில் ஊர் ஊராகத் தண்ணீர் சூழ்ந்துவிடும், படகில்தான் போக வேண்டும். 1960-களில் காலரா தடுப்பூசி ஆராய்ச்சிக்காக அங்கே முகாம் போட்ட ஆய்வுக்கூடம், 1966 முதல் அந்தக் கிராமங்களில் நடக்கும் ஒவ்வொரு பிறப்பு, இறப்பு, கல்யாணம், ஊர்விட்டுப் போவது, வருவது எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே வந்தது. இவ்வளவு சுத்தமான பதிவேடு அன்றைக்கு வளரும் நாடுகளில் வேறெங்கும் கிடைப்பது கஷ்டம்.

1975-ல் அங்கே முதல் முயற்சி நடந்தது. எளிமையான யோசனை: மாத்திரையும் ஆணுறையும் வீட்டு வாசலுக்கே இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது. கொடுப்பதற்குக் கிராமத்திலேயே இருந்த வயதான பெண்களை, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத விதவைகளை, வைத்துக்கொண்டார்கள். முதல் சில மாதங்களில் பயன்பாடு வேகமாக ஏறி, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பெண் என்ற அளவை நெருங்கியது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. மாத்திரை சாப்பிட்டுத் தலை சுற்றியவளுக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை, கொடுத்துவிட்டுப் போனவருக்கும் பதில் தெரியவில்லை, மாத்திரை அட்டை பரணில் கிடந்தது. பொருள் இலவசம், வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது, இருந்தும் நிலைக்கவில்லை. இதைவிடவா கடையில் விற்கும் பொருள் நிலைக்கப்போகிறது?

1977 அக்டோபரில் முறையை மாற்றினார்கள். பகுதியின் சுமார் பாதிக் கிராமங்களில், உள்ளூரைச் சேர்ந்த, கல்யாணமான, ஏழெட்டு வகுப்பாவது படித்த இளம்பெண்கள் 80 பேரை வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் தாங்களே கருத்தடை முறையைப் பயன்படுத்துகிறவர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். மாத்திரை, ஆணுறையோடு மூன்று மாத ஊசி, காப்பர் டி, ஆபரேஷனுக்குப் பரிந்துரை என்று எல்லாமே இருந்தது. முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஊசி போட்ட சில பெண்களுக்கு மாதவிலக்கு தாறுமாறாகும், விட்டுவிட்டு ரத்தம் படும். தொழுகை செய்ய முடியாது, மாமியார் கேள்வி கேட்பார், பயம் வந்துவிடும். அந்த நேரத்தில் வாசலில் வந்து உட்கார்ந்து, இது எல்லோருக்கும் வருவதுதான், இன்னும் இத்தனை நாளில் சரியாகும், பிடிக்கவில்லை என்றால் வேறு முறைக்கு மாற்றித் தருகிறேன் என்று சொல்ல ஒருத்தி இருந்தாள். தேவைப்பட்டால் மேலே மருத்துவ உதவி இருந்தது. பயன்பாடு சுமார் 7 சதவீதத்திலிருந்து ஒன்றரை வருஷத்தில் 33 சதவீதத்துக்கு ஏறியது, இந்த முறை இறங்கவில்லை. மீதிக் கிராமங்களில் வழக்கமான அரசு சேவை மட்டும்தான், ஆக ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஜோடி தானாகவே கிடைத்துவிட்டது.

அரசுப் பணம் எதற்குப் போகிறது என்று கேட்டால் இதற்குத்தான். மாத்திரையின் விலை இந்தச் சேவையில் சின்னப் பங்கு. மிச்சமெல்லாம் வாசலுக்கு வரும் அந்தப் பெண்ணின் சம்பளம், அவளுக்குப் பயிற்சி, அவளுக்கு மேலே இருக்கும் நர்ஸ், மருந்து தீர்ந்துபோகாமல் வந்து சேரும் ஏற்பாடு. தனியாகச் சந்தைக்குப் போகும் வழக்கமே இல்லாத, கையில் சொந்தக் காசு இல்லாத பெண்ணுக்கு இதை எந்தக் கடைக்காரரும் விற்க மாட்டார், விற்றால் அவருக்குக் கட்டுப்படியாகாது.

பலன் என்ன? ஷரீன் ஜோஷி, பால் ஷுல்ட்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 141 கிராமங்களின் தகவலை 1974 முதல் 1996 வரை எடுத்துப் பார்த்தார்கள். 1982-க்குள்ளேயே திட்டம் நடந்த கிராமங்களில் மற்ற கிராமங்களைவிடப் பிறப்பு சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தது, அந்த இடைவெளி 1996 வரை நீடித்தது. அதோடு நின்றிருந்தால் இதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். இருபது வருஷம் கழித்து அந்தக் கிராமப் பெண்களின் உடல்நலம், அவர்கள் சம்பாத்தியம், வீட்டிலிருந்த சொத்து, பிள்ளைகளின் ஆரோக்கியம், படிப்பு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முன்னேற்றம் தெரிந்தது. பக்கத்துக் கிராமம், அதே ஆறு, அதே நெல், அதே வெள்ளம். நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1980-களில் அதே கிராமங்களுக்குத் தடுப்பூசி, தாய்-சேய் நலச் சேவைகளும் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. எனவே எது எதனால் வந்தது என்று கத்தரித்துப் பிரிக்க முடியாது. என்னைக் கேட்டால் அப்படிப் பிரிக்கத் தேவையும் இல்லை. அதே பெண் அதே வாசலுக்குத் தடுப்பூசியையும் கொண்டுவர முடிகிறது என்பதே அந்தச் சம்பளத்தின் பலன்தான்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, வலுவான வாதம். பொருளாதார அறிஞர் லான்ட் பிரிட்செட் 1994-ல் எழுதிய கட்டுரையில், நாடுகளுக்கிடையே பிறப்பு விகிதம் மாறுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பெண்கள் எத்தனை குழந்தை விரும்புகிறார்கள் என்பதுதான், கருத்தடை கிடைக்கிறதா இல்லையா என்பதன் பங்கு சொற்பம் என்றார். மத்லாப் மாதிரி செலவு செய்ய எந்த ஏழை நாட்டாலும் முடியாது என்றும் சொன்னார். பிறப்பு விகிதத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது. கல்வி, குழந்தை இறப்பு குறைவது, நகரத்துக்குப் போவது, இவையெல்லாம் பெரிய காரணங்கள். கொலம்பியாவில் 1960-களிலிருந்து புரோஃபமிலியா என்ற தொண்டு நிறுவனம் ஊர் ஊராகச் சேவையைக் கொண்டுபோனதைக் கிராண்ட் மில்லர் ஆராய்ந்தார். அந்த நாட்டின் பிறப்பு விகித வீழ்ச்சியில் இதன் பங்கு 10 சதவீதமோ அதற்கும் குறைவோதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இளம்பெண்களால் முதல் பிரசவத்தைத் தள்ளிப்போட முடிந்ததால் அவர்கள் கூடுதலாகப் படித்தார்கள், பின்னாளில் வேலைக்குப் போவதும் கூடியது. எண்ணிக்கை கொஞ்சம்தான் மாறியது, நேரம் மாறியதில் வாழ்க்கை மாறியது. என்கேயின் கணக்கில் இந்தப் பலன் பூஜ்யமாகத் தெரியும். அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கில் அது பூஜ்யம் இல்லை.

இப்போது அரசுக் கஜானாவுக்கு வருவோம், ஏனென்றால் நிதி அமைச்சர்கள் கேட்பது அதைத்தான். இந்தக் கணக்கை மிக நுணுக்கமாகப் போட்டது அமெரிக்காவில். அங்கே 1964-லிருந்தே வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கீழ் சில மாவட்டங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மையங்கள் தொடங்க மத்திய அரசு நிதி கொடுத்தது. 1970 டிசம்பரில் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் டைட்டில் டென் என்ற பெயரில் இதை நாடு முழுக்க விரித்தது. குடியரசுக் கட்சி அதிபர், இரண்டு கட்சிகளும் ஆதரித்த சட்டம், பிற்காலத்தில் அதிபரான மூத்த புஷ் அதை முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவர். இன்றைய அமெரிக்க அரசியலைப் பார்ப்பவர்களுக்கு இதை நம்புவதே கஷ்டம். மையங்கள் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வெவ்வேறு வருஷத்தில் போய்ச் சேர்ந்ததால், முன்னால் கிடைத்த மாவட்டத்தையும் பின்னால் கிடைத்த மாவட்டத்தையும் ஒப்பிட முடிந்தது. பொருளாதார அறிஞர் மார்த்தா பெய்லியும் அவருடன் ஆராய்ந்தவர்களும் கண்டது: மையம் வந்த பிறகு பிறந்த குழந்தைகள் வளர்ந்த குடும்பங்களின் வருமானம் 2.8 சதவீதம் கூடுதல், அவர்கள் வறுமையில் வாழும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவு, அரசு உதவித்தொகையை நம்பி வாழும் வீட்டில் வளரும் வாய்ப்பு 12 சதவீதம் குறைவு. இந்த முன்னேற்றத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, பெற்றோரின் சொந்த வருமானம் கூடியதால் வந்தது. வறிய குடும்பங்கள் பிள்ளை பெறுவது குறைந்ததால் கூடிய சராசரி மட்டுமில்லை இது. பிள்ளை பெற்ற குடும்பங்களே கொஞ்சம் வசதியான நிலையில் பெற்றன.

இன்னொரு எண் எல்லோரும் மேற்கோள் காட்டுவது: குட்மாக்கர் ஆய்வு நிறுவனம் 2010-ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில், அரசு நிதியில் நடக்கும் சேவைக்குப் போடும் ஒவ்வொரு டாலருக்கும் 7.09 டாலர் மிச்சம், மொத்தத்தில் நிகரமாக 1,360 கோடி டாலர் மிச்சம். பிரசவச் செலவு, குழந்தையின் ஆரம்ப வருஷ மருத்துவச் செலவு, பால்வினை நோய்ப் பரிசோதனை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்பே கண்டுபிடிப்பது எல்லாம் சேர்ந்தது அது. பட்ஜெட் விவாதத்தில் இந்த எண் வேலை செய்கிறது, அதனால் அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் மனம் பெய்லியின் 2.8 சதவீதத்தின் பக்கம்தான் சாய்கிறது. முதல் கணக்கு பிரசவத்தை அரசின் செலவாகப் பார்க்கிறது. இரண்டாவது கணக்கு பிறந்த குழந்தை எப்படி வாழ்கிறது என்று பார்க்கிறது.

பணத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2011-ல் டெக்சஸ் மாநிலம் இரண்டு வருஷக் குடும்பக் கட்டுப்பாட்டு நிதியை 11.1 கோடி டாலரிலிருந்து சுமார் 3.8 கோடியாக வெட்டியது. 82 மையங்கள் மூடின, அல்லது இந்தச் சேவையை நிறுத்தின. மறு வருஷமே மாநிலத்தின் சுகாதாரத் துறை தன் கணக்கைப் போட்டபோது, கருத்தடை கிடைக்காமல் போனதால் 2014-15-ல் கூடுதலாக சுமார் 24,000 பிரசவங்கள் வரும், வரிப்பணத்தில் 27.3 கோடி டாலர் வரை செலவாகும் என்று வந்தது. வெட்டி மிச்சம் பிடித்ததைவிட மூன்று மடங்குக்கும் மேல். 2013-ல் அதே சட்டமன்றம், அதே கட்சி ஆட்சியில், பெண்கள் நலத்துக்குப் பணத்தைத் திரும்பப் போட்டது. ஆனால் மூடிய மையம் அடுத்த நாளே திறந்துவிடாது. நர்ஸ் வேறு வேலைக்குப் போயிருப்பார், கட்டடம் போயிருக்கும், வந்துகொண்டிருந்தவர்கள் சிதறியிருப்பார்கள்.

அதே டெக்சஸில் 2013 தொடக்கத்தில், பெரிய சேவை நிறுவனம் ஒன்றை அரசுத் திட்டத்திலிருந்து வெளியேற்றினார்கள். அதன் விளைவை 2016-ல் ஒரு மருத்துவ இதழில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மூன்று மாத ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண்களிடையே, அரசு மருத்துவ உதவியில் நடந்த பிரசவங்கள் 27 சதவீதம் கூடியிருந்தன. ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அவர்களுக்குக் கருத்தடை வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை, தேடிப்போய்ப் போட்டுக்கொண்டிருந்தவர்கள். அடுத்த ஊசி போட வேண்டிய தேதியில் வழக்கமான இடம் இல்லை, அவ்வளவுதான். மத்லாப்பில் அடுத்த ஊசி வாசலுக்கு வந்தது, டெக்சஸில் வரவில்லை.

விலையும் தனியாக ஒரு தடை. செயின்ட் லூயிஸ் நகரில் 2007 முதல் 2011 வரை 9,256 பெண்களுக்கு எந்த முறை வேண்டுமானாலும் இலவசம் என்று சொல்லிப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பேர் காப்பர் டி மாதிரி கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனத்தையோ கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியையோ தேர்ந்தெடுத்தார்கள். வருஷக்கணக்கில் காக்கும், மொத்தத்தில் மலிவு, ஆனால் முதல் நாளிலேயே மொத்தமாகப் பெரிய தொகை கேட்கும் முறைகள் இவை. கையில் காசு இல்லாதவர் மாசாமாசம் கொஞ்சம் கொடுத்து வாங்கும் முறையில்தான் நிற்பார், அதுதான் அதிகம் தவறும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கும் 21 வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பீஸ் ரேட் வேலை, தைக்கும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. கல்யாணமாகி நாலு மாதம். இன்னும் இரண்டு வருஷம் சம்பாதித்துக் கடனை அடைத்துவிட்டுக் குழந்தை பெறலாம் என்று இரண்டு பேருக்கும் எண்ணம். அரசு ஆஸ்பத்திரியில் அந்தரா என்ற மூன்று மாதக் கருத்தடை ஊசி இலவசம், சாயா என்ற கருத்தடை மாத்திரை இலவசம், டவுன் பஸ்ஸும் 2021-லிருந்து பெண்களுக்கு இலவசம். ஆனால் ஊசிக்குப் போனால் அரை நாள் ஷிப்ட் போகும், பீஸ் ரேட் என்பதால் அந்த அரை நாள் காசும் போகும், சூப்பர்வைசரிடம் காரணம் சொல்ல வேண்டும், வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்தால் கல்யாணமாகி நாலு மாதத்தில் இங்கே என்ன வேலை என்று வீடு வரைக்கும் போகும். இலவசம் என்று போர்டில் எழுதியிருக்கும் சேவைக்கு அவள் கொடுக்கும் விலை இது. அந்த விலையைக் குறைப்பதுதான் அரசு செலவழிக்க வேண்டிய இடம்: சாயங்காலம் திறந்திருக்கும் மையம், கம்பெனிக்கே வரும் செவிலியர், ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் போனில் கேட்க ஒரு ஆள்.

நடப்பது என்ன? நம் திட்டம் அவளைப் பெரும்பாலும் கர்ப்பமான பிறகுதான் சந்திக்கிறது. கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்வதில் தமிழ்நாடு இந்தியாவிலேயே முன்னணியில் இருக்கிறது, அந்தச் செவிலியர்களின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் குடும்பக் கட்டுப்பாடு என்றால் இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு ஆபரேஷன் என்பதே நடைமுறை. அதே 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை, ஊசி, காப்பர் டி எல்லாம் சொற்பம். பெரும்பாலோருக்கு இருபதுகளின் நடுவிலேயே ஆபரேஷன் முடிந்துவிடுகிறது. கல்யாணம், உடனே ஒன்று, சீக்கிரமே இன்னொன்று, ஆபரேஷன். எண்ணிக்கை குறைந்தது, நேரத்தின் மேல் அவளுக்குக் கட்டுப்பாடு வரவில்லை. கொலம்பியாவும் மத்லாப்பும் காட்டுகிற பலன்களில் பாதி அந்த நேரத்தில்தான் இருக்கிறது, படிப்பை முடிப்பதில், முதல் வேலையில் நிலைப்பதில், இரண்டு பிரசவத்துக்கு நடுவே ரத்தசோகையிலிருந்து உடம்பு தேறுவதில். அதை நாம் இன்னும் அறுவடை செய்யவே இல்லை.

முகாம் போட்டு ஆபரேஷன் செய்வதன் விலையையும் சொல்ல வேண்டும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள், பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எல்லோரும் ஏழைகள், பலருக்குக் கைக்குழந்தை. 2016-ல் உச்ச நீதிமன்றம் இந்த முகாம்களை மூன்று வருஷத்துக்குள் முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது. ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று செலவைக் குறைத்துக்கொண்டே போனால் அந்தக் குறைந்த செலவு யார் தலையில் விழுகிறது என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, பிறப்பு விகிதம் விழுந்துவிட்டதே என்பது. உண்மைதான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்று மாநிலம் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மத்திய வரிப் பங்கில் தமிழ்நாட்டின் பங்கு 13-ஆம் நிதிக் குழுவில் 4.969 சதவீதம், 14-ஆம் குழுவில் 4.023, 15-ஆம் குழுவில் 4.079. 15-ஆம் குழு 2011 மக்கள்தொகையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஈடுகட்டுவதற்காகப் பிறப்பு விகிதத்தைக் குறைத்த மாநிலங்களுக்கு 12.5 சதவீத மதிப்பு கொடுத்தது. அது போதுமா என்பது தனி விவாதம், நான் போதாது என்று நினைக்கிறேன். 2024 அக்டோபரில், அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில் பதினாறு பிள்ளை ஏன் பெறக்கூடாது என்று கேட்டது, இதே காரணத்தால் மக்களவைத் தொகுதிகளும் குறையுமோ என்ற கோபத்தில்தான். ஆனால் டெல்லியோடு நடக்கும் அந்தச் சண்டைக்கு, திருப்பூர்ப் பெண்ணின் ஊசியைப் பணயம் வைக்க முடியாது.

பிறப்பு கூடட்டும் என்று சேவையை நிறுத்தினால் கூடுமா? ஈரான் செய்து பார்த்துவிட்டது. 1989-ல் அந்த நாடு கிராம சுகாதார இல்லங்கள் வழியாக இலவசச் சேவையைக் கொண்டுபோய், அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கும் மேல் இருந்த குழந்தைகளின் எண்ணிக்கையை இரண்டுக்குக் கொண்டுவந்தது, கட்டாயம் இல்லாமல், மதத் தலைவர்களின் ஒப்புதலோடு. பிறகு ஜனத்தொகை வயதாகிறது என்று பயந்து 2012 வாக்கில் நிதியை நிறுத்தினார்கள். 2021-ல் அரசு சுகாதார மையங்களில் கருத்தடை இலவசமாகக் கொடுப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2015-ல் 15 லட்சத்துக்கும் மேல் இருந்த பிறப்புகள் 2021-ல் சுமார் 11 லட்சம்தான். வசதியுள்ளவர்கள் தனியாரிடம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். சேவை போனது சுகாதார இல்லத்தை நம்பியிருந்த கிராமத்துப் பெண்ணுக்கு.

குழந்தை வேண்டும் என்பவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அதற்குச் செலவழிக்க வேண்டிய இடங்கள் வேறே. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம், தனியார் கம்பெனியிலும் உண்மையாகவே கிடைக்கிற பேறுகால விடுப்பு, வாடகைக்குக் கட்டுப்படியாகும் வீடு, குழந்தையின்மைக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே சிகிச்சை. இதையும் கருத்தடையையும் ஒரே செவிலியர், ஒரே மையம், ஒரே பட்ஜெட்டில் வைக்கலாம். 23 வயதில் ஊசி போட வந்தவள்தான் 26 வயதில் குழந்தைக்காக வருவாள்.